சான்றிதழ் கிடைத்தது, வலிப்பு கண்ணில் படவில்லை

இணையப் பாடத்தை முடித்தாயிற்று. நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் மதிப்பெண். சான்றிதழும் மின்னஞ்சலில் வந்துவிட்டது. அடுத்த வாரமே, ஐந்து மாதக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்த ஒரு பாட்டி, தம் கைப்பேசியில் இருந்த காணொளியை அந்த இளம் மருத்துவரிடம் காட்டினார். தூங்கி எழுந்த குழந்தை தலையை முன்னே கவிழ்த்து, இரு கைகளையும் விரித்து, மறுபடியும் பழைய நிலைக்கு வருகிறது. சில நொடிகளில் மீண்டும் அதே அசைவு. பிறகு மீண்டும்.

“பேரன் எனக்கு வணக்கம் வைக்கிறான்னு நாங்க சிரிச்சோம் டாக்டர். ஆனா தினமும் எழுந்ததும் இப்படியே செய்றான்,” என்றார் பாட்டி.

“ஏதாவது சத்தத்துக்குத் திடுக்கிட்டிருப்பான் பாட்டி. இந்த வயசுல அது சகஜம்,” என்றார் மருத்துவர்.

பின்னால் நின்ற மூத்த மருத்துவர் காணொளியை இன்னொரு முறை போடச் சொன்னார். அன்று மாலைக்குள் குழந்தைக்கு மூளை மின்னலைப் பரிசோதனை நடந்தது. அது திடுக்கிடல் இல்லை. ‘இன்ஃபன்டைல் ஸ்பாசம்ஸ்’ எனப்படும் கைக்குழந்தை வலிப்பு.

“அந்த நோயைப் பற்றி வரிக்கு வரி ஒப்பித்திருப்பேன். இணையச் சோதனையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண். நோய் கண்முன்னே வந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை,” என்று அந்த மருத்துவர் என்னிடம் சொன்னார். நான் படித்த பள்ளியில் எனக்குப் பல ஆண்டுகள் முன்னால் படித்தவர். இப்போது சிறார் நரம்பியலில் பயிற்சி பெறுகிறார். பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், நான் வழக்கமாக அழைப்பதுபோல் இங்கும் அக்கா என்றே குறிப்பிடுகிறேன்.

நான் மருத்துவ மாணவி அல்லள். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, மின்னிலக்க வடிவமைப்பு படிக்கிறேன். சென்ற பருவத்தில், வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் தாமாகக் கற்பதற்கான ஓர் இணையப் பாடத்தை வடிவமைக்கும்படி எங்களுக்குக் குழுப் பணி தரப்பட்டது. அக்காவின் கதை உடனே நினைவுக்கு வந்தது. நாங்கள் நால்வர், சிறார் நரம்பியல் பயிற்சி மருத்துவர்களுக்காக ஒரு மாதிரிப் பாடத்தை உருவாக்க முடிவு செய்தோம்.

பார்த்தாலும் பிடிபடாத நோய்

முதலில் இந்தத் துறை ஏன் கடினம் என்று புரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அக்கா ஒரு எளிய கணக்குச் சொன்னார். கைக்குழந்தை வலிப்பு ஏறத்தாழ பத்தாயிரம் குழந்தைகளில் இரண்டு அல்லது மூன்று பேருக்கு வரும். சிங்கப்பூரில் ஆண்டுக்குப் பிறக்கும் குழந்தைகள் ஏறத்தாழ 30,000 பேர். அப்படியென்றால், நாடு முழுவதிலும் ஆண்டுக்குப் பத்துக்கும் குறைவான குழந்தைகள்தான். சிறார் நரம்பியல் பிரிவில் சில மாதங்கள் மட்டும் பணியாற்றும் ஓர் இளம் மருத்துவர், இப்படி ஒரு குழந்தையை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே அடுத்த பிரிவுக்குப் போய்விடலாம்.

சளி, காய்ச்சல் போன்றவற்றை நூறு முறை பார்த்துப் பழகலாம். இதில் அந்த வாய்ப்பு இல்லை. முதல்முறை பார்க்கும்போதே அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். தாமதமானால் குழந்தையின் வளர்ச்சி பாதிக்கப்படும். ஸ்டெராய்டு வகை மருந்துகள், விகபாட்ரின் என்று சிகிச்சை இருக்கிறது. சீக்கிரம் தொடங்குவதுதான் முக்கியம்.

இந்த நோய்க்கு ஒரு கதையும் உண்டு. 1841ஆம் ஆண்டு, வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்ற ஆங்கில மருத்துவர் ‘தி லான்செட்’ மருத்துவ இதழுக்கு ஒரு கடிதம் எழுதினார். அதில் அவர் விவரித்தது தம் சொந்த மகனை. குழந்தை திரும்பத் திரும்பத் தலை குனிவதை விளக்கி, இப்படி ஒன்றைத் தாம் பார்த்ததில்லை என்றும், வேறு மருத்துவர்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள் என்றும் கேட்டிருந்தார். குனிந்து சலாம் வைப்பதுபோல் இருப்பதால் ‘சலாம் வலிப்பு’ என்ற பெயரும் இதற்கு உண்டு. பாட்டி வணக்கம் என்று சொன்னதை அக்கா பாடப்புத்தகத்தில் வேறு சொல்லில் ஏற்கெனவே படித்திருந்தார். இரண்டும் ஒன்று என்பது அந்த நொடியில் தோன்றவில்லை.

வலிப்பு என்றாலே அரிது என்றும் நினைத்துவிட வேண்டாம். உலகில் ஏறத்தாழ 50 மில்லியன் பேருக்கு வலிப்பு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சரியாகக் கண்டறிந்து சிகிச்சை அளித்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்பதும் அந்த நிறுவனத்தின் கணிப்பு. ‘சரியாகக் கண்டறிந்து’ என்ற அந்த இரண்டு சொற்களுக்குள்தான் மருத்துவரின் கல்வி முழுவதும் அடங்கியிருக்கிறது.

எங்கள் முதல் பாடம் தோற்றது

நாங்கள் உருவாக்கிய முதல் பாடம் அழகாக இருந்தது. நாற்பது படவில்லைகள், பின்னணிக் குரல், மூளையின் வண்ணப் படங்கள். இறுதியில் பத்துக் கேள்விகள். அக்காவிடமும் அவருடைய சக மருத்துவர்கள் இருவரிடமும் கொடுத்தோம். மூவரும் நல்ல மதிப்பெண் பெற்றார்கள். நாங்களும் மகிழ்ந்து போனோம்.

எங்கள் விரிவுரையாளர் மட்டும் மகிழவில்லை. “இரண்டு வாரம் கழித்து என்ன நினைவிருக்கும்?” என்று கேட்டார்.

இரண்டு வாரம் கழித்து, அசைவுகளைக் காட்டும் சில காணொளிகளை அதே மூவரிடமும் காட்டி, எது வலிப்பு, எது இல்லை என்று கேட்டோம். மூவருமே தடுமாறினார்கள். எங்கள் பாடத்தில் எப்படிப் படித்தார்கள் என்பதையும் அப்போதுதான் விசாரித்தோம். ஒருவர் இரவுப் பணி முடிந்து எம்ஆர்டியில் நின்றுகொண்டே ‘அடுத்து’ பொத்தானை அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். இன்னொருவர் நேராகக் கேள்விகளுக்குத் தாவிவிட்டார். குறை அவர்களிடம் இல்லை. இருபத்துநான்கு மணி நேரம் விழித்திருந்தவரிடம் நாற்பது படவில்லைகளை நீட்டியது நாங்கள்தான்.

மூன்று பேரை வைத்துப் பெரிய முடிவு எதற்கும் வர முடியாது. ஆனால், எங்கள் பாடம் எதைச் சோதித்தது என்பது எங்களுக்குப் புரிந்துவிட்டது. சற்று முன் படித்த வாக்கியத்தை அடையாளம் காண முடிகிறதா என்று சோதித்தது. குழந்தையின் அசைவை அடையாளம் காண முடிகிறதா என்று அது கேட்கவே இல்லை.

‘எனக்குத் தெரியும்’ என்ற நினைப்பு

தாமாகக் கற்றல் என்ற கருத்தைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர் அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ். 1975ல் அவர் எழுதிய நூலில், தனக்கு என்ன தெரிய வேண்டும் என்று கண்டறிவது, இலக்கு வகுப்பது, வளங்களைத் தேடுவது, எவ்வளவு கற்றோம் என்று மதிப்பிடுவது ஆகியவற்றைக் கற்பவரே முன்னின்று செய்வதாக விளக்கினார். பிறர் உதவியோடும் இதைச் செய்யலாம் என்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். ‘தாமாக’ என்றதும் ‘தனியாக’ என்று நாம்தான் நினைத்துக்கொள்கிறோம்.

சிக்கல் முதல் படியிலேயே இருக்கிறது. எனக்கு என்ன தெரியாது என்று எனக்கு எப்படித் தெரியும்?

2006ஆம் ஆண்டு ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு இதை மருத்துவர்களிடமே அலசியது. தங்கள் திறமையைப் பற்றி மருத்துவர்கள் தாங்களே கொடுத்த மதிப்பீட்டையும், வெளியிலிருந்து அளந்த திறமையையும் அது ஒப்பிட்டது. இருபது ஒப்பீடுகளில் பதின்மூன்றில், இரண்டுக்கும் தொடர்பு மிகக் குறைவு, அல்லது தொடர்பே இல்லை, அல்லது தலைகீழ்த் தொடர்பு. திறமை குறைந்தவர்களும் அதிகத் தன்னம்பிக்கை கொண்டவர்களும்தான் தங்களை மிகத் தவறாக மதிப்பிட்டிருந்தார்கள்.

அதே ஆண்டு, உளவியலாளர்கள் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்ப்பிக் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் நடத்திய சோதனை நம் எல்லாருக்குமே பொருந்தும். ஒரு பிரிவினர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் ஒருமுறை படித்துவிட்டு, பார்க்காமல் நினைவுக்குக் கொண்டுவந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்களே முன்னணி: 83 விழுக்காட்டுக்கு 71 விழுக்காடு. ஒரு வாரம் கழித்து நிலைமை மாறியது. திரும்பப் படித்தவர்களுக்கு நினைவிருந்தது 40 விழுக்காடு. எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 விழுக்காடு.

எங்கள் முதல் பாடம் அந்த ஐந்து நிமிட மதிப்பெண்ணைத்தான் கொண்டாடியிருக்கிறது. மருத்துவருக்கு வேண்டியதோ, எப்போது வரும் என்று தெரியாத ஒரு குழந்தை வரும் நாளில் கைகொடுக்கும் அறிவு.

இரண்டாவது முயற்சி

எல்லாவற்றையும் கலைத்துவிட்டு மறுபடியும் தொடங்கினோம். இம்முறை நான்கு மாற்றங்கள்.

முதலாவது, பாடத்துக்கு முன்னால் குழந்தை. திரையைத் திறந்ததும் விளக்கம் இருக்காது. ஒரு காணொளியும் பெற்றோர் சொல்வதாக இரண்டு வரிகளும் இருக்கும். ‘இப்போது என்ன செய்வீர்கள்?’ என்ற கேள்விக்குப் பதில் சொன்னால்தான் அடுத்த பக்கம் திறக்கும். தவறாகச் சொன்னாலும் பரவாயில்லை. தவறிய பிறகு படிக்கும் விளக்கம் மனத்தில் நன்றாகப் பதிகிறது.

இரண்டாவது, ஒன்றைத் தனியாகக் காட்டாமல் ஒத்த தோற்றம் உடையவற்றைப் பக்கத்தில் வைத்துக் காட்டுவது. சத்தம் கேட்டால் பச்சைக்குழந்தை கைகளை விரித்துத் திடுக்கிடுவது இயல்பான எதிர்வினை. வளர வளர அது மறைந்துவிடும். தூக்கத்தில் மட்டும் கை கால் துள்ளும் சில பச்சிளங் குழந்தைகளை எழுப்பினால் துள்ளல் நின்றுவிடும், அதுவும் ஆபத்தில்லாதது. கைக்குழந்தை வலிப்போ காரணமின்றி வரும், தொடர் தொடராக வரும், பெரும்பாலும் தூங்கி எழுந்ததும் வரும். மூன்றையும் அடுத்தடுத்துப் பார்க்கும்போதுதான் கண் வேறுபாட்டைப் பிடிக்கிறது. இதற்கு நாங்கள் மருத்துவமனைக் காணொளி எதையும் தொடவில்லை, தொடவும் கூடாது. கற்பித்தலுக்காக அனுமதியுடன் வெளியிடப்பட்டவற்றை மட்டும் பயன்படுத்தினோம். வலிப்புக்கு எதிரான அனைத்துலக அமைப்பு, வலிப்பு வகைகளைக் காணொளிகளோடு விளக்கும் இணையத்தளம் ஒன்றை மருத்துவர்களுக்காக நடத்துகிறது. அதைப் பார்த்துத்தான் காணொளிகளை எப்படி வகைப்படுத்துவது என்று கற்றுக்கொண்டோம்.

மூன்றாவது, ஒவ்வொரு பதிலோடும் இன்னொரு கேள்வி: ‘எவ்வளவு உறுதி?’ உறுதி, ஓரளவு, ஊகம் என மூன்று பொத்தான்கள். இறுதியில் மதிப்பெண்ணுக்குப் பதிலாக நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை தெரியும். உறுதியாகச் சொல்லிச் சரியானவை, தயங்கிச் சொல்லிச் சரியானவை, தயங்கிச் சொல்லித் தவறியவை, உறுதியாகச் சொல்லித் தவறியவை. கடைசிக் கட்டத்தைச் சிவப்பில் போட்டோம். தயங்கும் மருத்துவர் மூத்தவரைக் கூப்பிடுவார். உறுதியாகத் தவறுபவர் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்.

நான்காவது, பாடம் திரும்பி வரும். இரண்டு நாள், ஒரு வாரம், ஒரு மாதம் என இடைவெளி விட்டு, ஒரே ஒரு கேள்வி கைப்பேசிக்கு வரும். ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியைச் சேர்ந்த பிரைஸ் கெர்ஃபூட், சிறுநீர்ப்பாதையியல் பயிற்சி மருத்துவர்களுக்கு இப்படி இடைவெளி விட்டு மின்னஞ்சலில் கேள்விகளை அனுப்பி, அந்த முறை பலன் தருவதைக் காட்டியிருக்கிறார். நாங்கள் சேர்த்த ஒரே மாற்றம், அதே நோயை வேறு குழந்தையிடம் காட்டுவது. மங்கலான விளக்கு, போர்வைக்குள் பாதி மறைந்த கை, ஆடும் கைப்பேசி. பாட்டிமார் எடுக்கும் காணொளிகள் பாடப்புத்தகப் படங்களைப்போல் இருப்பதில்லையே!

திரையால் முடியாதது

இரண்டாவது பாடத்தை அக்கா முடித்ததும் அவர் சொன்ன முதல் குறை, “இதில் குழந்தையைத் தூக்க முடியாதே,” என்பதுதான். ஒரு குழந்தையை மார்போடு தாங்கிப் பிடிக்கும்போது அதன் உடல் தளர்ந்திருக்கிறதா, விறைத்திருக்கிறதா என்பதைக் கைதான் சொல்லும். தலைச் சுற்றளவை நாடாவைக் கொண்டு அளக்க வேண்டும். பயந்துபோன தாயிடம் எப்படிப் பேசுவது என்பதைப் பொத்தானை அழுத்திப் பழக முடியாது.

இன்னொன்றும் சொன்னார். சிவப்புக் கட்டத்தில் தம் தவறைப் பார்த்தபோது, அதைப் பற்றி யாரிடமாவது பேச வேண்டும்போல் இருந்ததாம். இரவு பதினொரு மணிக்குத் திரைமுன் தனியாக உட்கார்ந்திருந்தார்.

இதற்கும் ஏற்கெனவே ஒரு முன்மாதிரி இருக்கிறது. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் கல்லீரல் நிபுணரான சஞ்சீவ் அரோரா, 2003ல் ‘எக்கோ’ என்ற திட்டத்தைத் தொடங்கினார். தொலைதூர ஊர்களில் உள்ள மருத்துவர்கள் காணொளிவழி வாரந்தோறும் கூடி, தங்கள் நோயாளிகளைப் பற்றி நிபுணர்களோடும் சக மருத்துவர்களோடும் கலந்து பேசுவார்கள். ‘ஹெபடைடிஸ் சி’ நோயாளிகள் குறித்து 2011ல் வெளிவந்த ஆய்வில், பல்கலைக்கழக மருத்துவமனையில் குணமானோர் 57.5 விழுக்காடு; எக்கோவில் பங்கேற்ற மருத்துவர்களிடம் குணமானோர் 58.2 விழுக்காடு. பின்னர் இந்த முறை சிறார் வலிப்பு உட்பட வேறு பல துறைகளுக்கும் பரவியது.

அதைப் பார்த்து எங்கள் பாடத்தில் கடைசியாக ஒன்றைச் சேர்த்தோம். வாரத்துக்கு அரை மணி நேரம், ஒரு மூத்த மருத்துவரோடு காணொளிச் சந்திப்பு. அதற்கு வருபவர்கள் தங்கள் சிவப்புக் கட்டத்திலிருந்து ஒரு தவறை எடுத்து வர வேண்டும். சரியான விடைகளைப் பற்றி அங்கே பேச்சில்லை. உண்மையில் இது நடக்க வேண்டுமென்றால், தம் தவறை முதலில் சொல்லும் துணிச்சல் மூத்தவருக்கும் வேண்டும். அந்த ஒன்றை எங்கள் வடிவமைப்பால் உருவாக்க முடியாது.

நம் மேசைக்கும் இது பொருந்தும்

எங்கள் மாதிரிப் பாடம் ஒரு வகுப்புப் பணி மட்டுமே. அது எந்த மருத்துவமனைக்கும் போகவில்லை. ஆனால், அதை உருவாக்கிய பிறகு நான் படிக்கும் முறையே மாறிவிட்டது.

உயர்நிலைப் பள்ளியில் நானும் குறிப்பேட்டில் மஞ்சள், பச்சை, இளஞ்சிவப்பு எனக் கோடு போட்டுக் கோடு போட்டுப் படித்தவள்தான். மூன்றாம் முறை படிக்கும்போது எல்லாம் தெரிந்ததுபோல் இருக்கும். அந்த உணர்வைத்தான் அறிவு என்று நம்பினேன். தேர்வுத் தாளைப் பார்த்ததும் அது காணாமல் போய்விடும்.

சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்கோ எஸ்பிஎம், எஸ்டிபிஎம் தேர்வுகளுக்கோ நீங்கள் தயாராகிக்கொண்டிருந்தால், அடுத்த முறை பழைய வினாத்தாளைச் செய்யும்போது ஓரத்தில் ஒரு கோடு போட்டு, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் ‘உறுதி’ அல்லது ‘ஊகம்’ என்று எழுதிப் பாருங்கள். திருத்தியபின் மதிப்பெண்ணைக் கூட்டுவதற்கு முன், ‘உறுதி’ என்று எழுதித் தவறிய கேள்விகளை மட்டும் தனியே எடுத்து வையுங்கள். நீங்கள் முதலில் படிக்க வேண்டிய பட்டியல் அதுதான். எந்தத் துணைப்பாட ஆசிரியராலும் அதை உங்களுக்காக எழுதித் தர முடியாது. மூன்று நாள் கழித்து அவற்றை மறுபடியும் செய்யுங்கள். புரியாததை ஒரு நண்பரிடம் எடுத்துச் செல்லுங்கள்.

நாம் தாளில் தவறினால் ஒரு மதிப்பெண்தான் போகும். அக்காவைப் போன்றவர்கள் பாடம் படிக்கும்போதே தவறிவிடுவது நல்லது. அங்கே எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது.

அந்தக் குழந்தை இப்போது எப்படி இருக்கிறான் என்று அக்காவிடம் கேட்டேன். சிகிச்சை உடனே தொடங்கியதால் வலிப்பு நின்றுவிட்டதாம். கொஞ்சம் தாமதமாகத்தான் என்றாலும் உட்காரப் பழகிவிட்டானாம். இன்னும் மறுபரிசோதனைக்கு வருகிறான். பாட்டிதான் தூக்கிக்கொண்டு வருகிறார்.

“இப்போதெல்லாம் யார் கைப்பேசியை நீட்டினாலும் இரண்டு முறை பார்க்கிறேன்,” என்றார் அக்கா. “முதல்முறை எனக்குத் தெரிந்ததைப் பார்க்கிறேன். இரண்டாம் முறை குழந்தையைப் பார்க்கிறேன்.”